கடிக்கத் தெரியாத புல்லட்

ஒரு வீட்டுக்கு முதல்முறை நாய் பழக்கப் போனால் கலைவாணி அரை மணி நேரத்துக்கு எதுவுமே செய்ய மாட்டாள். போர்டிகோ ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பாள். நாய் வந்து முகர்ந்தால் முகரட்டும், குரைத்தால் குரைக்கட்டும், ஓடி ஒளிந்தால் ஒளியட்டும். வீட்டுக்காரர்களுக்கு இது எரிச்சலைக் கிளப்பும். நாய் மாஸ்டர் என்றால் அவர்களுக்கு பச்சைப் புள்ளி போட்ட கால்சட்டை வேண்டும், விசில் வேண்டும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி நாலு அதட்டல் வேண்டும். இவளோ பாலியெஸ்டர் புடவையும் கட்டைப்பையுமாக வடமாலபேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். பையைத் திறந்தால் டிபன் பாக்ஸ், அதற்குள் வேகவைத்த கோழி ஈரல்.

நாற்பது வயதுக்காரி. கல்யாணமான புதிதில் மாந்தோப்புகளில் கூலிக்குப் போனவள். அப்புறம் திருப்பதியில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது. ஒன்பது வருடம் அங்கே அவள் பெருக்கியதைவிட நாய்களைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். டாக்டர் ஊசி போடும்போது எந்த நாய் காதை மடக்கினால் கடிக்கும், எது பல்லைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், எது ஒரு சத்தமும் இல்லாமல் கையைக் கவ்வும் என்பதெல்லாம் அவள் தோலில் எழுதிப் படித்த பாடம். இடது கையில் தழும்புகளாக அந்தப் பாடங்கள் இன்னும் இருக்கின்றன. டாக்டரே பிறகு, "நாய் சொன்னபடி கேட்கலையா? கலைவாணியைக் கூப்பிடுங்க" என்று அனுப்ப ஆரம்பித்தார். திருப்பதியில் அவளுக்குக் 'குக்கல மேடம்' என்று பெயர். தெலுங்கில் குக்க என்றால் நாய். சொந்த ஊரில் மேடத்தையெல்லாம் வெட்டிவிட்டு 'நாய்க்காரி' என்பார்கள். புத்தூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் தரணிக்கும் ஒரு குறை உண்டு.

"எங்கூடப் பேசறதவிட நாயிங்ககூடத்தான் நீ ஜாஸ்தி பேசிகினு கீற" என்பான்.

"அதுங்க நடுவுல பூந்து பேசறதில்ல" என்பாள் இவள்.

அவள் கொள்கை ரொம்பச் சின்னது. இந்த ஜாதி நாயை எந்த வேலைக்காக வளர்த்தார்கள், அதிலும் இந்தக் குறிப்பிட்ட நாய் எப்படிப்பட்ட சுபாவம், இரண்டும் தெரியாமல் கயிற்றைத் தொடக் கூடாது. சொல்லிப் பார்த்தால் இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நாய் வாங்குகிறவர்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும். கிரானைட் வியாபாரி ஒருவர், ஊரில் யாரைப் பார்த்தாலும் வாலாட்டும் லேப்ரடாரை வாங்கிவிட்டு அது திருடனைப் பிடிக்க வேண்டும் என்றார். "திருடன் வந்தா டார்ச் அடிச்சு வழி காட்டும் சார், அது அப்படிப்பட்ட மனசு" என்று இவள் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார். ரிட்டயர்டு அதிகாரி ஒருவர் வேட்டைக்கே பிறந்த ராஜபாளையத்தை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அது கை கொடுக்க வேண்டும் என்று ஆறு மாதம் போராடினார். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை ரேணிகுண்டா வெயிலில் வாங்கி, அது கயிற்றை இழுக்கிறது என்று புகார் சொன்ன தம்பதியும் உண்டு. இழுக்காமல் வேறென்ன செய்யும்? எல்லோருக்கும் கடையில் பார்த்த படம் வேண்டும், அந்தப் படத்துக்குள் அவர்கள் நினைத்த குணமும் வேண்டும்.

இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் பெரியவர் ஹேமநாத்.

ஹேமநாத்தின் பூர்வீகம் புத்தூர்ப் பக்கம், நிலபுலன் உள்ள குடும்பம். இப்போது திருப்பதியில் பிளாட் போட்டு விற்கிறார். ரேணிகுண்டா ரோட்டுப் பக்கத்தில் புது லேஅவுட், அதில் முதல் வீடு அவருடையது, கேட்டுக்கு மேலே இரண்டு சிமெண்ட் சிங்கம். உள்ளே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். பெயர் புல்லட். கலைவாணி முதல்நாள் போனபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. புல்லட் மூன்று அறைகளைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. வால் மட்டும் வெளியே நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் தன் வழக்கப்படி உட்கார்ந்தாள். ஹேமநாத்தின் மனைவி ரூபா காபி கொண்டுவந்தாள். நாய்க்குப் பெயர் பொறித்த எவர்சில்வர் தட்டு அந்த வீட்டில் உண்டு, கலைவாணிக்குப் பேப்பர் கப்தான் வந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் காபி நன்றாக இருந்தது.

அரை மணி கழித்து ஹேமநாத் பொறுமை இழந்தார். "இன்னாம்மா, தெருவப் பாத்துகினே ஒக்காந்துகினு கீற? நாயப் பாரு. ஜெர்மன் ஷெப்பர்ட். போலீசு நாயி அது."

"போலீசுல எல்லாரும் ஒரே மாதிரியா கீறாங்க சார்? ஒருத்தர் திருடனத் தொரத்திகினு ஓடுவாரு. ஒருத்தர் ஸ்டேஷன்ல ரைட்டரா ஒக்காந்து எழுதிகினு இருப்பாரு. உங்களுது ரைட்டரு."

ரூபா சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேமநாத் சிரிக்கவில்லை.

"ரெண்டு மாஸ்டரு வந்து போயாச்சி. பெல்ட்டால அடிச்சும் பாத்தாச்சி. ஜாத்திரைக்குள்ள இது கடிக்கணும். இல்லன்னா மலை ரோட்டாண்ட கொண்டும்போய் உட்டுட்டு வந்துடுவேன். முன்னாடி ஒரு புள்ளி போட்ட நாயி வச்சிருந்தேன், அத அங்கதான் உட்டேன்."

ஏதோ பழைய நாற்காலியைக் கழித்த கதைபோலச் சொன்னார். வீட்டில் வளர்ந்த நாயைக் காட்டோரம் விட்டால் இரண்டு நாள் தாங்காது. கலைவாணி பேப்பர் கப்பைக் கீழே வைத்தாள். அது சரி, ஜாத்திரைக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள்.

சம்பந்தம் இருந்தது. திருப்பதியில் வைகாசி வெயிலில் கங்கம்மா ஜாத்திரை நடக்கும் வாரத்தில், ஆண்கள் உடம்பெல்லாம் கரியும் குங்குமமும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டும், புடவை கட்டிச் சவுரி வைத்துக்கொண்டும் வேஷம் போட்டு வருவார்கள். வேஷம் கட்டியவன் எதிர்ப்பட்டவரை வாய்க்கு வந்தபடி திட்டலாம். அது அம்மனுக்குச் செலுத்தும் நேர்த்திக்கடன், திட்டு வாங்கியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வருடம் ஒரு கும்பல் ஹேமநாத்தின் கேட்டுக்கு முன்னால் நின்று, ஏரிக் கால்வாயை மூடி அவர் பிளாட் போட்ட கதையை, சர்வே நம்பர் உட்பட, திட்டாகவே பாடிவிட்டது. தெருவே கேட்டுச் சிரித்தது. ஹேமநாத்தும் கைகூப்பிச் சிரிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பு ஒரு வருடமாக அவருக்குச் செரிக்கவில்லை.

"நான் கைய வச்சா தப்பு. அம்மன் குத்தம்னு ஊரே திரும்பும்" என்றார். "நாயி கடிச்சா? வாயில்லா ஜீவன். அத யாரு கேக்கறது?"

இப்படி ஒரு யோசனை வேறெந்த ஊர்க்காரனுக்கும் வந்திருக்காது. தன் கோபத்தைத் தானே காட்டத் தைரியமில்லாத மனுஷன், அதைக் குக்கர் விசிலுக்கு நடுங்கும் பிராணியிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார். கலைவாணி மெதுவாகச் சொன்னாள்: "சார், பயந்த நாய கடிக்கப் பழக்கக் கூடாது. தைரியமான நாயி, உடுன்னா உட்டுடும். பயந்தது எப்ப கடிக்கும், யாரக் கடிக்கும்னு அதுக்கே தெரியாது. அதுக்கு யாரப் பாத்தா பயமோ, அவங்களத்தான் கடிக்கும்."

"அதான் சொல்றேன். வேசக்காரனப் பாத்து பயப்பட வையி."

எழுந்து போயிருக்கலாம். போனால் அடுத்து புள்ளிக் கால்சட்டை வரும், இல்லாவிட்டால் மலை ரோடு. உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் தெரிந்த வாலை ஒருமுறை பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வருகிறேன் என்றாள்.

அவள் போட்ட கணக்கு வேறு. ஹேமநாத்துக்கு வேண்டியது கடியல்ல, கெத்து. கேட்டில் மணி அடித்தால் நாய் கம்பீரமாக வந்து கனத்த குரலில் நாலு குரைப்பு குரைத்துவிட்டுத் தன் பாயில் போய் உட்கார்ந்தால் போதும். ஜெர்மன் ஷெப்பர்ட் குரல் அந்தத் தெருவுக்கு யதேஷ்டம். இந்த ஜாதிக்கு ஒரு வேலை கொடுத்தால் அதற்காக உயிரை விடும், வேலை இல்லாவிட்டால்தான் கண்டதற்கும் பதறும். ஆகவே முதலில் பயத்தைப் போக்கி, பிறகு வேலையைக் கொடுப்பது என்று முடிவு செய்தாள்.

குக்கர் விசிலைப் போனில் பதிவு செய்து, காதருகில் வைத்தால் மட்டும் கேட்கிற சத்தத்தில் ஓட்டினாள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு ஈரல் துண்டு. நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டினாள். இரண்டு வாரத்தில், நிஜக் குக்கர் அடித்தால் புல்லட் எச்சில் ஒழுகச் சமையலறை வாசலுக்கு வந்து நின்றது. அடுத்து மூக்குக்கு வேலை. ரூபா தன் கைக்குட்டையை வீட்டில் எங்காவது ஒளித்து வைப்பாள், புல்லட் தேடிக் கொண்டுவரும். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்ததைக்கூடக் கண்டுபிடித்தது. ரூபா முதலில் கதவோரம் நின்றுதான் பார்த்தாள். போகப்போகக் கலைவாணி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, ஏன் இப்படி, ஏன் அப்படி என்று கேட்க ஆரம்பித்தாள்.

"அடிச்சா இது ஏன்க்கா கத்துக்கல?"

"அடிச்சா அதுக்கு இன்னா செய்யக் கூடாதுன்னு மட்டுந்தான் தெரியும். இன்னா செய்யணும்னு தெரியாது. ஒவ்வொரு நாய்க்கும் ஒண்ணு வேணும். ஒண்ணுக்கு தீனி, ஒண்ணுக்கு வெளயாட்டு, ஒண்ணுக்கு தட்டிக் குடுத்தா போதும். அது இன்னான்னு கண்டுபுடிச்சிட்டா, அப்பால நாம சொல்றத அதே ஆசப்பட்டு செய்யும்."

ரூபா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கலைவாணிக்கு நல்ல மாணவி கிடைத்த சந்தோஷம்.

ஜாத்திரைக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாம் தலைகீழாயிற்று. புல்லட் மறுபடியும் கட்டிலுக்கு அடியில். ஈரலைக் காட்டினாலும் வரவில்லை. ஹேமநாத்தின் கார் ஹாரன் கேட்டதும் தரையை ஈரமாக்கிவிட்டது. முன்னங்காலில் தடித்த வீக்கம். கலைவாணி ரூபாவைப் பார்த்தாள். ரூபா ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருதான்க்கா. பழைய மாஸ்டரு போன்ல ஐடியா குடுத்திருக்காரு. தெனம் சாய்ங்காலம் என் நைட்டியப் போட்டுகினு, மூஞ்சில கரி பூசிகினு, சவுரி வச்சிகினு, தடியோட கொல்லப் பக்கமா வந்து அத அடிக்கறாரு. வேசக்காரனப் பாத்தா வெறி வரணுமாம்."

கலைவாணி நேராக ஹாலுக்குப் போனாள். கோபத்தில் அவளுக்கு சார் என்று சொல்லவே முதலில் மறந்துவிட்டது.

"நாயி கண்ணால ஆளப் பாக்காது. மூக்கால பாக்கும். நீங்க கரி பூசினாலும் சரி, அம்மன் சிலயாட்டம் வந்தாலும் சரி, அதுக்கு அது நீங்கதான் சார். வேசக்காரன் அடிச்சான்னு அது நெனைக்கல. எங்க ஓனரு கரி பூசிகினு வந்து அடிக்கறாருன்னு நெனைக்குது."

"போம்மா. பக்கத்து வூட்டுக்காரனுக்கே என்ன அடையாளம் தெரியல. நாய்க்கு தெரிஞ்சிடப் போவுதா?"

லட்சக்கணக்கில் பிளாட் விற்ற மூளை. கலைவாணி அதற்கு மேல் வாதாடவில்லை. தினமும் வந்து, மிச்ச நாட்களில் மணிக்குக் குரைத்துப் பாய்க்குத் திரும்பும் ஒரே பாடத்தை மட்டும் புல்லட்டுக்கு எப்படியோ திரும்ப ஞாபகப்படுத்தினாள். மற்ற வீடுகளுக்குப் போகவே அவளுக்கு மனசில்லை.

ஜாத்திரை நாளன்று கும்பல் காலை பத்து மணிக்கே வந்துவிட்டது. முன்னால் வந்தவர் முகமெல்லாம் குங்குமம், மஞ்சள் புடவை, இடுப்பில் வேப்பிலை. பின்னால் பத்துப் பதினைந்து பேர், தப்பட்டை. மஞ்சள் புடவைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை கால்வாயோடு சேர்த்து, ஹேமநாத் சுடுகாட்டுப் பாதையை வளைத்ததையும் பாட எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டு மொட்டைமாடியில்கூட ஆட்கள். ஹேமநாத் சிரித்த முகத்தோடு வந்து, தானே கேட்டைத் திறந்துவிட்டார்.

"புல்லட்! புடி!"

புல்லட் பாயிலிருந்து எழுந்து கம்பீரமாக வந்தது. நாலு முறை குரைத்தது. தப்பட்டை நின்றுபோயிற்று. ஒரு நிமிஷம் ஹேமநாத்தின் முகம் பிரகாசித்தது. பிறகு புல்லட் மஞ்சள் புடவையின் கொசுவத்தை முகர்ந்து பார்த்தது. இந்த ஆள் தன்னை ஒருநாளும் அடித்ததில்லை என்று தெரிந்துகொண்டு வாலை ஆட்டியது. மஞ்சள் புடவைக்காரர் பயம் தெளிந்து, "ரா நாயனா, நீயாவது வா" என்று பிள்ளையைக் கொஞ்சுவதுபோலத் தலையைத் தடவிக் கொடுத்தார். தெரு வெடித்துச் சிரித்தது.

ஹேமநாத்துக்குக் கண் மண் தெரியவில்லை. கதவோரம் இருந்த தடியை எடுத்துக்கொண்டு நாயின்மேல் பாய்ந்தார். தடி ஓங்கிய அந்தக் கை, பத்து நாளாக அதற்குத் தெரிந்த கை. புல்லட் உறுமக்கூட இல்லை. முழங்கைக்குக் கீழே ஒரே கவ்வு. அவர் அலறிப் பின்வாங்கி, படியில் இடறி, இன்னொரு கையை ஊன்றி விழுந்தார். மளுக்கென்ற சத்தம் போர்டிகோவில் நின்றிருந்த கலைவாணிக்குக் கேட்டது.

சிரிக்க வேண்டிய காட்சிதான். ஊர் சிரித்தது. கலைவாணிக்கு மட்டும் அழுகை வந்தது. புல்லட் கவ்விய கையை உடனே விட்டுவிட்டு, தான் செய்த காரியத்துக்குத் தானே பயந்து, பாயில் போய்ச் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. இனி இதை மலை ரோட்டிலிருந்து யாரும் காப்பாற்ற முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

கடித்த கைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி, உடைந்த கைக்குப் புத்தூர்க் கட்டு. அதற்கே இரண்டு நாள் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் கலைவாணி ஒரு புதுக் கயிறு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டுப் பார்ப்பது, கொடுத்தால் வடமாலபேட்டைக்கே கூட்டிப் போய்விடுவது. தரணி திட்டுவான், திட்டட்டும்.

ஹாலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஹேமநாத், மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய பதக்கம் வாங்கியவர்போல.

"நானே தயார் பண்ணது. பத்து நாளு, நானே வேசம் கட்டி. மாஸ்டருங்களால ஆவாதது. இப்ப பாருங்க, ஓனருன்னுகூட பாக்கல. தடி எடுத்தவன் யாரா இருந்தாலும் கடிதான். அப்பேர்ப்பட்ட நாயி!"

வந்தவர்கள் 'அப்பா' என்று நாயை எட்ட இருந்து பார்த்தார்கள். ஒருவர் தன் வீட்டு நாயையும் இப்படித் தயார் செய்து தர முடியுமா என்று கேட்டார்.  கலைவாணி சமையலறைக்குப் போனாள். ரூபா காபி கலந்துகொண்டிருந்தாள். புல்லட் அவள் காலடியில் படுத்திருந்தது.

"இன்னாம்மா இது?"

"ஆஸ்பத்திரிலேந்து வந்ததும் மலை ரோட்டுக்குத்தான் கார எடுக்கச் சொன்னாரு. நான் ஒண்ணும் எதிர்த்துப் பேசல. எதிர்வூட்டு அம்மா வெசாரிக்க வந்தாங்க. இவரு காதுல வுழற மாதிரி சொன்னேன், 'எங்க வூட்டுக்காரரே பழக்கன நாயி, அதான் இவ்ளோ ரோசம்'னு. அவங்க 'அப்படியா'ன்னு வாயத் தொறந்தாங்க. அவ்ளோதான். இவரு நிமுந்து ஒக்காந்தாரு. சாய்ங்காலத்துக்குள்ள பத்துப் பேருக்கு போன் போட்டுட்டாரு. இனிமே எப்படி நாயத் தொரத்துவாரு?" ரூபா டம்ளரில் காபியை ஊற்றினாள். "இவரு எந்த பிரீடுன்னு எனக்கு பன்னெண்டு வருசமா தெரியும்க்கா. எதுக்கு மசியும்னு நீங்க சொல்லித்தான் தெரிஞ்சிது."

கலைவாணி சிரிக்கவில்லை. தொழில் அவளை விடவில்லை. பையிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

"அதெல்லாம் சரிம்மா. ஆனா நாய என்னோட அனுப்பிடு. தடி எடுத்தவங்களக் கடிச்சா அடி நின்னுடும்னு இது கத்துகிச்சி. இதவிடத் தப்பான பாடம் ஒரு நாய்க்கு கெடயாது."

அப்போது ஹாலிலிருந்து, "ஏய், காபி இன்னாடி ஆச்சி!" என்று ஹேமநாத் கத்தினார். புல்லட் தலையைத் தூக்கியது. எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றது. குரைக்கவில்லை, சும்மா நின்றது.  பிறகு, "மெதுவா எடுத்தாம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று வேறு யாரோ பேசுவதுபோல அவர் குரல் வந்தது.

ரூபா டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். நைட்டியின் கை மேலேறியதில், முழங்கைக்கு மேலே பழைய கன்றல் ஒன்று பச்சையாகத் தெரிந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"தப்பான பாடமாவே இருக்கட்டும்க்கா" என்றாள். "அடி எனக்கும்தான் நின்னுது."

கலைவாணி வாசலில் நின்ற நாயையும் அந்தக் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். இரண்டு மாதமாகத் தினமும் இவளோடு ஒரே தரையில் உட்கார்ந்திருக்கிறோம், நாயின் வீக்கத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸிலிருந்த ஈரல் அத்தனையையும் புல்லட்டுக்கு என்று ரூபாவின் கிண்ணம் ஒன்றில் கொட்டினாள்.